மூக்குக்கும் வடிகால் உண்டு

தை, மாசியில செந்துறைப் பக்கம் மக்காச்சோளம் அடிக்கிற மிஷின்கிட்ட நின்னா, பாதிப்பேர் மூக்கை உறிஞ்சிக்கிட்டுத்தான் இருப்போம். சுண்ணாம்புக்கல் லாரி கிளப்புற புழுதி வேற. மறுநாளே மருந்துக்கடையில் "சைனஸுக்கு மாத்திரை" கேட்டு விழுங்குகிறோம். ஒரு பூச்சியைப் பார்த்ததும் மருந்து டப்பாவைத் தூக்குபவரைக் கேலி பேசுவோமே, இதுவும் அதே வேலைதான்.

சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. பெரியவர்களுக்கு வரும் 100 சளியில் பாக்டீரியாத் தொற்றாக மாறுவது ஒன்றிரண்டுதான். சளி பச்சையாக மாறுவதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. அந்த நிறம் நம் வெள்ளணுக்களால் வருவது.

கன்ன எலும்புக்குள் ஒரு காற்றறை இருக்கிறது. அதன் வடிகால் வாய் அடியில் இல்லை, மேலே இருக்கு! நுண்மயிர்கள்தான் சளியை மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றணும். சளியாலோ தூசு ஒவ்வாமையாலோ அந்த வாய் வீங்கிவிட்டால், வடிகால் அடைச்ச வயல் மாதிரி உள்ளேயே தேங்கும். மூக்கில் சும்மா குடியிருந்த நிமோகாக்கஸ் போன்றவை அங்கே பெருகும். பீடிப்புகையும் விறகடுப்புப் புகையும் நுண்மயிர்களை முடக்கிவிடும். மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

பலரும் கவனிக்காதது பல்லை. மேல் கடைவாய்ப் பல்லின் வேர் அந்த அறையின் தரையை ஒட்டியே இருக்கு. சொத்தைப் பல்லின் சீழ் மேலேறினால் ஒரு பக்கம் மட்டும் நாற்றமடிக்கும் சளி வரும். அதுக்குப் பல் டாக்டரிடம் போகணும்.

10 நாள் தாண்டியும் சளி குறையலைன்னாலோ, குறைந்து வந்து மறுபடி காய்ச்சலோடு ஏறினாலோ மருத்துவரைப் பாருங்க. கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ அன்றைக்கே போகணும்.

நம்மாட்கள் சிலர் வெங்காயச் சாற்றை மூக்கில் விடுகிறார்கள். வேண்டாங்க, இயற்கைப் பொருள் என்பதால் மூக்குச் சவ்வு எரியாமல் இருக்காது. உப்புநீரால் கழுவலாம், ஆனால் கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டும். குளத்து நீரை மூக்கில் ஏற்றவே கூடாது. மூளையைத் தாக்கும் நெக்லேரியா அமீபா அந்த வழியாகத்தான் ஏறுகிறது. 2024-இல் கேரளாவில் அதற்குக் குழந்தைகள் பலியானார்கள்.

கதிரடிக்கும்போது துண்டைக் கட்டிக்கொள்கிறோம். நுண்தூசு அதில் நிற்காது; என்-95 மாஸ்க் போட்டு, காற்று வரும் பக்கமா நில்லுங்க.