நீத்தாரை நினைத்தல்

சித்தன்னவாசல் என்றதும் மாணவர்களுக்குக் குடைவரை ஓவியமே நினைவுக்கு வரும். குன்றைச் சூழ்ந்த வெளியில் வட்டமாகக் கிடக்கும் கற்களை நின்று பார்ப்பவர் சிலரே. அவை பெருங்கற்கால மக்கள் இறந்தோர்க்கு அமைத்த ஈமச் சின்னங்கள். அத்துணை உழைப்பிருந்தும், உள்ளே உறங்குவோர் பெயரை நாம் அறியோம்.

மேலே ஏழடிப்பட்டத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில், குமுழூரில் பிறந்த காவுதி என்பவர்க்கு இளையர் செய்த இருக்கை எனத் தமிழ்ப் பிராமி எழுத்துகள் கூறுகின்றன. அஃது ஈமக் குறிப்பன்று. ஆயினும் கல்லில் பெயர் ஏறிவிட்டது.

வீரர்க்குக் கல்லெடுக்கும் முறையைத் தொல்காப்பியம் கல்லைத் தேடுவது முதல் வாழ்த்துவது ஈறாக ஆறு துறைகளாக வகுக்கிறது. முறை அனைவர்க்கும் ஒன்று. கல்லில் பொறித்த செய்தியோ அவரவர்க்கே உரியது. கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல்லைப் பாருங்கள். வீரனுடன் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும், அது கள்வரைக் கடித்த செய்தியும் அங்கே உள்ளன. அந்த நாயை விட்டுவிட்டால் அவன் பத்தோடு பதினொன்று!

என் ஆசிரியர் மறைந்தபோது இரங்கற் கூட்டத்திற்கு நானும் ஓர் உரை எழுதினேன். ‘பண்பாளர், கடமை வீரர்’ என்று அடுக்கியிருந்தேன். முன்னதாக அவர் துணைவியாரிடம் படித்துக் காட்டினேன். “தம்பி, இது யாரைப் பற்றியது?” என்று கேட்டார். வெட்கிப்போனேன். பிறகு அவரருகே அமர்ந்து கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஆசிரியர் தேய்ந்த சுண்ணக்கட்டித் துண்டுகளைச் சட்டைப் பையில் சேர்த்துவைத்து, பலகை வாங்க இயலாத பிள்ளைகள் திண்ணையில் எழுதிப் பழகக் கொடுப்பாராம். கூட்டத்தில் அதை மட்டுமே சொன்னேன்.