பழைய புத்ராவுக்கு ஜப்பான் டர்போ இயந்திரம்: மாற்றும் முன் அறிய வேண்டியவை

புரோட்டோன் புத்ரா 1996-ஆம் ஆண்டு வெளிவந்தது. இரண்டே கதவுகள், தாழ்ந்த கூரை, 1.8 லிட்டர் இயந்திரம் என்று அந்நாளில் இளைஞர்களின் கனவுக் காராக இருந்த அந்தக் கூப்பேக்கு இப்போது ஏறக்குறைய 30 வயதாகிறது. அப்பாவோ மாமாவோ ஓட்டிய பழைய புத்ராவைத் தூசு தட்டி மீண்டும் சாலைக்குக் கொண்டுவர விரும்பும் நம் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு முதலில் வரும் யோசனை, ஜப்பானிலிருந்து வரும் டர்போ இயந்திரத்தைப் பொருத்துவதுதான்.

இயந்திரம் பொருந்துமா என்பதே பெரும்பாலோர் கேட்கும் கேள்வி. பொருந்தும். மலேசியப் பட்டறைகள் பல ஆண்டுகளாகச் செய்து பழகிய வேலை அது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கூடும் வேகத்தை பிரேக் தாங்குமா? முப்பது ஆண்டு பழைய இரும்பு தாங்குமா? கிராண்டில் உள்ள இயந்திர எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்குமா? இந்த மூன்றுக்கும் விடை இல்லாமல் இயந்திரத்தை மட்டும் மாற்றினால், விபத்து நேரும் நாளில் காரும் போகும், காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம்.

*ஏன் மிட்சுபிஷி?*

1983-இல் புரோட்டோன் தொடங்கப்பட்டபோது மிட்சுபிஷியின் தொழில்நுட்பம்தான் அதற்கு அடித்தளமாக இருந்தது. 1985-இல் வந்த சாகா, 1993-இல் வந்த வீரா ஆகியவை மிட்சுபிஷி கார்களை அடிப்படையாகக் கொண்டவை. புத்ராவும் மிட்சுபிஷி மிராஜ் அஸ்தி என்னும் கூப்பேயின் வழியில் வந்ததே. அதன் பானெட்டுக்குள் இருப்பது 4ஜி93 என்ற குறியீடு கொண்ட 1,834 சிசி இயந்திரம்.

இதே 4ஜி93 குடும்பத்தில் டர்போ பொருத்திய இயந்திரம் ஒன்று ஜப்பானில் லான்சர் ஜிஎஸ்ஆர் காரில் வந்தது. தொடக்கத்தில் 195 குதிரைத்திறன், பின்னர் வந்த லான்சரில் 205 குதிரைத்திறன். ஒரே குடும்பம் என்பதால் புத்ராவுக்குள் உட்கார வைப்பதில் சிரமம் குறைவு.

இதற்கும் மேலே போக நினைப்பவர்கள் தேடுவது 4ஜி63 டர்போ. 1,997 சிசி கொண்ட இந்த இயந்திரத்துடன் 1992-இல் வந்த முதல் லான்சர் எவொலூஷன் 250 குதிரைத்திறன் கொண்டது. மூன்றாம் எவொலூஷனில் அது 270 ஆனது. 1996-இல் வந்த நான்காம் எவொலூஷனில் இயந்திரத்தை 180 பாகை திருப்பிப் பொருத்தினார்கள். அதனால் பழைய புரோட்டோன் கார்களுக்கு முதல் மூன்று எவொலூஷன்களின் இயந்திரமே எளிதாக ஒத்துவரும்.

எவொலூஷன் மோகத்துக்கு நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. ஈப்போவைச் சேர்ந்த கரம்ஜித் சிங் 2002-இல் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி வெற்றியாளர் பட்டத்தை வென்றார். அவர் ஓட்டிய புரோட்டோன் பெர்ட், லான்சர் எவொலூஷனை அடிப்படையாகக் கொண்டது. புரோட்டோன் சின்னமும் மிட்சுபிஷி டர்போவும் ஒரே காரில் சேர்ந்து உலகை வென்ற காட்சியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது.

*ஹாஃப்கட் என்றால் என்ன?*

ஜப்பானில் ஒரு காரைச் சாலையில் வைத்திருக்க வேண்டுமானால் குறிப்பிட்ட கால இடைவெளியில் கட்டாயச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். கார் பழையதாக ஆக, அந்தச் செலவு காரின் மதிப்புக்கே கட்டுப்படியாகாது. அப்படி ஒதுக்கப்படும் கார்களின் முன்பாதியை அறுத்துக் கொள்கலனில் ஏற்றி அனுப்புகிறார்கள். அதைத்தான் இங்கே ஹாஃப்கட் என்கிறோம்.

தனி இயந்திரம் வாங்குவதைவிட ஹாஃப்கட் வாங்குவதில் நன்மை உண்டு. இயந்திரத்தோடு கியர்பாக்ஸ், டர்போ, இன்டர்கூலர், இசியு எனப்படும் கணினிப் பெட்டி, அதன் வயர்கள், முன் பிரேக்குகள் எல்லாம் ஒன்றாக வரும். இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டவை. தனித்தனியாகத் தேடி வாங்கிச் சேர்த்தால், கடைசியில் எது எதோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலையாகிவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். டர்போவின் தண்டை விரலால் அசைத்தால் பக்கவாட்டில் ஆடித் தகடு சுவரில் உரசக்கூடாது. எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்புச் சேறோ பால்போன்ற வெண்படலமோ இருக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளாக்கில் அடிக்கப்பட்டிருக்கும் இயந்திர எண் தெளிவாக இருக்க வேண்டும். சுரண்டியதுபோல் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது வேண்டாம்.

*டர்போவும் வெப்பமும்*

சாதாரண இயந்திரம் தன்னால் இழுக்க முடிந்த காற்றை மட்டும் உள்ளே இழுக்கிறது. டர்போவோ, வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. காற்று கூடினால் அதற்கேற்பப் பெட்ரோலும் கூட்டலாம். பெரிய இயந்திரத்தின் சக்தி சிறிய இயந்திரத்திலிருந்தே கிடைப்பது இப்படித்தான்.

காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூடான காற்றும் பெட்ரோலும் உரிய நேரத்துக்கு முன்பே தானாக வெடித்தால் பிஸ்டன் உடையும். இதைத் தடுக்கவே டர்போ இயந்திரத்தில் சிலிண்டருக்குள் நடக்கும் அழுத்த விகிதத்தைக் குறைத்து வடிவமைக்கிறார்கள், காற்றை இன்டர்கூலர் வழியாகக் குளிர்விக்கிறார்கள். புத்ராவின் அசல் இயந்திரத்தில் வெறும் டர்போவை மாட்டிவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அதன் அழுத்த விகிதம் டர்போவுக்கு ஏற்றதல்ல என்பதே அதற்குப் பதில். முழு இயந்திரத்தையும் மாற்றுவதே பாதுகாப்பான வழி.

ஜப்பான் டர்போ இயந்திரங்கள் அந்நாட்டின் உயர்தரப் பெட்ரோலுக்காகச் சீரமைக்கப்பட்டவை. ஆகவே இங்கு ரோன் 97 போடுவதே முறை. மாதாந்திரச் செலவைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டு வெயிலும் போக்குவரத்து நெரிசலும் இயந்திரத்தை இன்னும் சோதிக்கும். புத்ராவின் பழைய ரேடியேட்டர் கூடுதல் வெப்பத்தைத் தாங்காது. பெரிய ரேடியேட்டர், நல்ல விசிறி, டர்போவுக்குத் தனி எண்ணெய்க் குழாயும் தண்ணீர்க் குழாயும், கூடுதல் பெட்ரோல் தரும் பம்ப் ஆகியவை ஆடம்பரமல்ல, அவசியம்.

டைமிங் பெல்ட்டையும் மறக்கக்கூடாது. இந்த இயந்திரங்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஹாஃப்கட்டில் வரும் பெல்ட் எத்தனை ஆண்டு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. இயந்திரம் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், எண்ணெய் சீல்கள், கிளட்ச் ஆகியவற்றை மாற்றுவது சுலபம். உள்ளே பொருத்திய பிறகு அதே வேலைக்கு இரட்டிப்புக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

*கியர்பாக்ஸ் சிக்கல்*

ஜிஎஸ்ஆர், எவொலூஷன் இரண்டுமே நான்கு சக்கரங்களுக்கும் சக்தி செல்லும் கார்கள். புத்ராவோ முன் சக்கரங்களால் ஓடுவது. ஹாஃப்கட்டில் வரும் கியர்பாக்ஸை அப்படியே பொருத்த முடியாது. பின்சக்கரங்களுக்குப் போகும் பகுதியை நீக்கி, நடு டிஃபரன்ஷியலைப் பூட்டி, முன்சக்கர இயக்கத்துக்கு மாற்ற வேண்டும். அல்லது முன்சக்கர இயக்கத்துக்கே உரிய கியர்பாக்ஸைத் தேடிப் பொருத்த வேண்டும்.

200 குதிரைத்திறனையும் இரண்டு முன்சக்கரங்களே தாங்கும்போது, அழுத்தி ஓட்டினால் ஸ்டீரிங் ஒரு பக்கமாக இழுக்கும். மழையில் நனைந்த சாலையில் சக்கரம் வழுக்கும். நான்கு சக்கர இயக்கத்தையே முழுமையாகக் கொண்டுவர விரும்பினால், பின்பகுதித் தரையை அறுத்து, பெட்ரோல் தொட்டியையும் பின் அச்சையும் மாற்ற வேண்டியிருக்கும். ஹாஃப்கட்டில் பின்பாதி வராது என்பதால் அவற்றைத் தனியாகத் தேட வேண்டும். அது இயந்திர மாற்றமல்ல, ஏறக்குறைய புதிய கார் கட்டுவது.

*நிற்பதற்கும் சக்தி வேண்டும்*

ஓடும் காரின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் கார் 140-ஐத் தொட்டால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. வேகமானி காட்டுவது 40 கிலோமீட்டர்தான் கூடுதல். பிரேக்குக்கு அது இன்னொரு காரையும் சேர்த்து நிறுத்துவதற்குச் சமம்.

எனவே ஹாஃப்கட்டில் வரும் பெரிய முன் பிரேக்குகளையும் மாஸ்டர் பம்பையும் சேர்த்தே பொருத்த வேண்டும். ரிம்மின் போல்ட் துளைகள் ஒத்துவருகின்றனவா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். முன் பிரேக் மட்டும் பலமாகி, பின் பிரேக் பழையபடியே இருந்தால் சமநிலை கெடும். பின் பிரேக்குகள், ரப்பர் குழாய்கள், டயர், அப்சார்பர் ஆகியவற்றையும் புதுப்பிக்க வேண்டும். இயந்திரம் தாங்கி நிற்கும் இடங்களிலும் காரின் அடிப்பகுதியிலும் துரு பிடித்திருந்தால், முதலில் வெல்டிங் வேலை, பிறகுதான் இயந்திரம்.

*கிராண்ட், சாலை வரி, காப்புறுதி*

மலேசியாவில் தனியார் காரின் சாலை வரி சிசி அளவைப் பொறுத்தது. டர்போ உண்டா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. தீபகற்ப மலேசியாவில் 1,834 சிசி சலூன் காருக்கு ஆண்டுக்கு 297 வெள்ளி. 1,997 சிசிக்கு 378 வெள்ளி 50 சென். வித்தியாசம் 81 வெள்ளி 50 சென் மட்டுமே.

வரியில் பெரிய மாற்றம் இல்லை என்பதால், 'அப்படியே ஓட்டிக்கொள்ளலாம்' என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு காரின் இயந்திர எண்ணும் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவில் இருக்கிறது. இயந்திரம் மாறினால் அந்தப் பதிவும் மாற வேண்டும். அதற்கு இயந்திரம் வாங்கிய ரசீது, அது முறையாக இறக்குமதியானதைக் காட்டும் சுங்கப் பத்திரம், பொருத்திய பட்டறையின் உறுதிக் கடிதம், புஸ்பாகோம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தின் சோதனை ஆகியவை தேவைப்படும். எந்தெந்தப் பத்திரங்கள் வேண்டும் என்பதை இயந்திரத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே ஜேபிஜே கிளையில் கேட்டுவிடுவது நல்லது. ரசீது தராத கடையில் வாங்கிவிட்டுப் பிறகு பத்திரம் தேடினால் கிடைக்காது.

அந்தப் பத்திரங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. இயந்திரம் திருட்டுக் காரிலிருந்து கழற்றியதல்ல என்பதற்கு அவையே சான்று. காவல்துறை நிறுத்திக் கேட்கும் நாளில் 'கடைக்காரர் சொன்னார்' என்ற பதில் உதவாது.

காப்புறுதி இன்னும் முக்கியம். மாற்றங்களை நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியது காப்புறுதி எடுத்தவரின் கடமை. சொல்லாமல் விட்ட மாற்றம் விபத்துக்குப் பின் தெரியவந்தால், சொந்தக் காரின் சேதத்துக்கான இழப்பீடு மறுக்கப்படலாம். எதிர்த்தரப்பினருக்குக் கொடுத்த தொகையைக் காரின் உரிமையாளரிடமிருந்தே நிறுவனம் திருப்பிக் கேட்கும் நிலையும் வரலாம். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு குடும்பத் தலைவர் அந்த விபத்தில் படுக்கையில் விழுந்திருந்தால், அந்தத் தொகை ஒரு இளைஞரின் பல ஆண்டுச் சம்பளமாக இருக்கும்.

*மாற்றிய காரை வாங்குபவர்களுக்கு*

ஏற்கெனவே டர்போ பொருத்திய புத்ரா விற்பனைக்கு வரும்போது, முதலில் பானெட்டைத் திறந்து இயந்திர எண்ணைக் கிராண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உரிமை மாற்றத்துக்கான சோதனையிலும் சேசிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் சரிபார்க்கப்படும். எண் ஒத்துப்போகாத காரைப் பெயர் மாற்ற முடியாமல், கட்டிய முன்பணத்தையும் திரும்பப் பெற முடியாமல் அலைய நேரிடும். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விற்பவர் சொன்னால், எண்ணைச் சரிசெய்துவிட்டு வரச் சொல்வதே சரி.

பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது, பொருத்தும் கூலியை மட்டும் விசாரிக்காமல், ஜேபிஜே வேலைக்கு உறுதிக் கடிதம் தருவார்களா என்று கேளுங்கள். வாகனத் துறையில் எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் பெற்று, பட்டறை நடத்த முன்வரும் நம் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். பத்திரத்தோடு வேலை செய்து கொடுக்கும் பட்டறையைத் தேடி வாடிக்கையாளர் மறுபடியும் வருவார்.

கையில் உள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்றால், வரிசை இதுதான்: முதலில் துருவும் பிரேக்கும், அடுத்து பத்திரங்கள், பிறகு ரேடியேட்டரும் பெட்ரோல் பம்பும், கடைசியில் இயந்திரம். இயந்திரம் வாங்கும் கட்டத்துக்கு வருவதற்குள் பணம் தீர்ந்துபோனாலும் நட்டமில்லை. நன்றாக நிற்கக்கூடிய, முறையான கிராண்டோடு ஓடக்கூடிய ஒரு புத்ரா அதற்குள் வீட்டு வாசலில் நிற்கும்.