படைத்தவன் பேச்சைக் கேட்காத கதைகள்

ஆதாமும் ஏவாளும் வேதப் புத்தகத்தை விட்டு நாவலுக்குள் வந்தபோது நடந்தது என்ன?

பைபிளின் ஆதியாகமத்தில் முதல் மூன்று அதிகாரங்களுக்கும் மொத்தம் 80 வசனங்கள்தான். உலகம் உண்டாகிறது, மனிதன் உண்டாகிறான், ஏதேன் தோட்டத்தை விட்டுத் துரத்தப்படுகிறான். எல்லாம் அதற்குள் முடிந்துவிடுகிறது. பாம்பு எதற்காக ஏவாளிடம் போய்ப் பேசியது? காரணம் சொல்லப்படவில்லை. பாம்பின் உருவில் வந்தது சாத்தான் என்றும் அங்கே எழுதியிருக்கவில்லை. கனி ஆப்பிள் என்பது பிற்காலத்தார் சேர்த்த சங்கதி. துரத்தப்பட்ட அன்று இரவு அந்த இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கும் ஒரு வரி கிடையாது.

போதாததற்கு, மனிதப் படைப்பு அங்கே இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. முதல் அதிகாரத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே படைக்கப்படுகிறார்கள். இரண்டாவதில் முதலில் மண்ணிலிருந்து ஆதாம், பிறகு மிருகங்கள், கடைசியில் அவன் விலா எலும்பிலிருந்து ஏவாள். அப்படியானால் முதலில் படைக்கப்பட்ட பெண் யார்? இடைக்கால யூத நூலொன்று இதற்குத் துணிந்து பதில் சொன்னது: அவள் பெயர் லிலித். ஆதாமைப் போலவே மண்ணிலிருந்து வந்தவள். ‘நாம் இருவரும் சமம்தானே, நான் ஏன் உனக்குக் கீழே?’ என்று சண்டை போட்டுவிட்டுப் பறந்து போய்விடுகிறாள்.

வேதம் விட்ட இடைவெளிக்குள் கதைசொல்லி நுழைவது இப்படித்தான். நுழைந்தவர்களில் பக்தர்கள் உண்டு, நாத்திகர்கள் உண்டு, கேலிக்காரர்களும் உண்டு. அவர்கள் எழுதியவற்றை அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று புலப்படும். எழுத வந்தவர் போட்ட திட்டம் ஒன்று, கதை போன வழி வேறொன்று. படைத்தவன் பேச்சைப் படைப்பு மீறியதுதான் மூலக் கதை. அதை மறுபடி எழுத உட்கார்ந்தவர்களுக்கும் அதே கதிதான்.

மில்டனை மீறிய சாத்தான்

ஜான் மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ 1667-இல் வெளியானது. 10,000 அடிகளுக்கு மேல் நீளும் காவியம். அப்போது அவருக்குப் பார்வை போய்ப் பதினைந்து வருடங்கள் ஆகியிருந்தன. மனத்துக்குள் கட்டிய அடிகளை அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். பதிப்பாளர் முதல் தவணையாகக் கொடுத்தது 5 பவுன்.

மனிதரிடம் கடவுள் நடந்துகொண்ட விதம் நியாயமானதே என்று நிறுவுவதுதான் தன் நோக்கம் என்று காவியத்தின் தொடக்கத்திலேயே மில்டன் அறிவித்துவிடுகிறார். ஆனால் அவருடைய பழைய வாழ்க்கையைப் பாருங்கள். 1649-இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டபோது, அது சரியே என்று நூல் எழுதி வாதாடியவர் அவர். 1660-இல் முடியாட்சி திரும்பியதும் அவர் நூல்கள் கொளுத்தப்பட்டன, அவரும் கொஞ்ச காலம் சிறையில் கிடந்தார். பூமியின் அரசனுக்கு எதிரான கலகத்தை ஆதரித்துத் தோற்ற ஒருவர், விண்ணரசனுக்கு எதிராகக் கலகம் செய்து தோற்றவனின் கதையை எழுதுகிறார். விளைவு, காவியத்தின் மிகச் சிறந்த பேச்சுகளெல்லாம் சாத்தானுக்குப் போய்விட்டன. கடவுள் பேசும் இடங்களில் பிரசங்க வாடை அடிக்கிறது. மில்டன் தன்னை அறியாமலே சாத்தானின் கட்சிக்காரராகிவிட்டார் என்று நூறு வருடங்களுக்கும் மேல் கழித்துக் கவிஞர் வில்லியம் பிளேக் எழுதினார். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளக்கால் ப. சுப்பிரமணிய முதலியார் இந்தக் காவியத்தைச் ‘சுவர்க்க நீக்கம்’ என்று தமிழ்ச் செய்யுளுக்குக் கொண்டுவந்தார். ‘அகலிகை வெண்பா’வை எழுதியவரும் அவர்தான். விதி மீறித் தண்டனை பெற்றவர்களின் கதை அவரை இரண்டு முறை இழுத்திருக்கிறது.

மில்டனைப் படித்து வளர்ந்த மேரி ஷெல்லி, கதையை இன்னும் ஒரு படி தள்ளினார். 1818-இல் வெளியான ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலின் முகப்பிலேயே மில்டனின் ஆதாம் தன்னைப் படைத்தவனிடம் முறையிடும் அடிகள் இருக்கின்றன. கதைக்குள், விஞ்ஞானி உருவாக்கிய அந்த அநாதை உயிர், கீழே கிடந்த ‘இழந்த சொர்க்க’த்தை எடுத்து நிஜ வரலாறு என்று நம்பிப் படிக்கிறது. நான் உனக்கு ஆதாமாக இருந்திருக்க வேண்டியவன், நீயோ என்னைச் சாத்தானாக்கிவிட்டாய் என்று தன்னைப் படைத்தவனிடமே கணக்குக் கேட்கிறது. குற்றவாளிக் கூண்டில் படைத்தவனை நிறுத்திய முதல் நவீன நாவல் என்று இதைச் சொல்லலாம். எழுதத் தொடங்கியபோது ஆசிரியைக்கு வயது 18.

நயாகராவில் ஏதேன்

மார்க் ட்வைன் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். 1893-இல் நயாகரா அருவியைப் பற்றிய ஒரு தொகுப்பு நூலுக்காக எழுதிய ‘ஆதாமின் டைரி’யில் ஏதேன் தோட்டமே நயாகராவில்தான் இருக்கிறது. புதிதாக வந்து சேர்ந்த நீள முடிக்காரி ஓயாமல் பேசுகிறாள், கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் வைக்கிறாள் என்று ஆதாம் சலித்துக்கொள்கிறான். மகன் காயீன் பிறந்ததும் அது என்ன ஜந்து என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மீனா, கங்காருவா, கரடியா என்று மாதக்கணக்கில் ஆராய்கிறான்.

1904-இல் ட்வைனின் மனைவி ஒலிவியா இறந்துபோனார். அடுத்த வருடம் அவர் எழுதிய ‘ஏவாளின் டைரி’யிலும் சிரிப்பு இருக்கிறது, ஆனால் கேலி எங்கோ கரைந்துவிடுகிறது. நட்சத்திரங்களைத் தொட ஆசைப்படுகிற, நெருப்பைக் கண்டுபிடிக்கிற, எதையும் சோதித்துப் பார்க்கிற ஏவாள், ஆதாமை ஏன் நேசிக்கிறோம் என்று தனக்குள் விசாரணையே நடத்துகிறாள். காரணம் ஒன்றும் தேறவில்லை, நேசம் மட்டும் மிஞ்சுகிறது. இறுதியில் அவள் கல்லறையருகே நிற்கும் ஆதாமுக்கு, தான் இழந்தது எந்தத் தோட்டத்தை என்பது புரிந்துவிடுகிறது. மதத்தை வாழ்நாளெல்லாம் கிண்டலடித்த மனிதரிடமிருந்து ஏதேன் கதையின் மிகக் கனிவான வடிவம் கிடைத்தது. ஏவாள் ஆடையின்றி இருக்கும் படங்களுக்காக, 1906-இல் மாசசூசெட்ஸின் சார்ல்ட்டன் ஊர் நூலகம் அந்த நூலை விலக்கி வைத்தது தனி வேடிக்கை.

கெய்ரோ சந்தில் ஒரு பத்திரம்

எல்லோரிலும் அதிக விலை கொடுத்தவர் எகிப்தின் நகீப் மஹ்ஃபூஸ். அவருடைய ‘நம் சந்தின் பிள்ளைகள்’ 1959 செப்டம்பரில் ‘அல் அஹ்ராம்’ நாளிதழில் தொடராக வரத் தொடங்கியது. கெய்ரோவின் ஓரத்தில் ஒரு சந்து. அதன் தலைமாட்டில் பெரிய வீடு, தோட்டம். வீட்டுக்காரர் கபலாவி, வெளியே தலைகாட்டாத பெரியவர். சொத்து நிர்வாகத்தை அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த இளைய மகன் அத்ஹமிடம் ஒப்படைக்கிறார். மூத்தவன் இத்ரீஸ் பணிய மறுத்து விரட்டப்படுகிறான். இதில் இப்லீஸும் (சாத்தான்) ஆதமும் (ஆதாம்) யார் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.

விலக்கப்பட்ட கனியை மஹ்ஃபூஸ் என்னவாக மாற்றினார் என்பதில்தான் அவர் மேதைமை. பூட்டிய அறைக்குள் இருக்கும் சொத்துப் பத்திரம்! தன் பங்கு பறிபோயிற்றா என்று பார்த்துச் சொல்லும்படி இத்ரீஸ் தூண்டுகிறான். மனைவியும் ஆசைகாட்ட, அத்ஹம் அதைத் திருட்டுத்தனமாகப் பார்க்கப் போய்ப் பிடிபடுகிறான், தெருவுக்கு வருகிறான். அறிவின் கனி, யாருக்கு எவ்வளவு பங்கு என்கிற கேள்வியாகிவிடுகிறது. பின்னர் மோசே, ஏசு, நபிகளை நினைவூட்டும் மூவர் வந்து சந்துக்கு நீதி வாங்கித் தருகிறார்கள். மக்கள் மறக்கிறார்கள், ரவுடிகள் மறுபடி தலையெடுக்கிறார்கள். கடைசியில் அறிவியலைக் குறிக்கும் அரஃபாவின் செயல் கபலாவியின் சாவுக்குக் காரணமாகிறது. குர்ஆனில் 114 அத்தியாயங்கள், நாவலிலும் 114.

அல் அஸ்ஹர் இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் அறிஞர்கள் கொதித்தார்கள். தொடரை நாளிதழின் ஆசிரியர் ஹைகல் கடைசி வரை வெளியிட்டுவிட்டார். நூல் வடிவமோ 1967-இல் பெய்ரூத்தில்தான் சாத்தியமாயிற்று. 1988-இல் நோபல் பரிசு வந்ததும் பழைய கோபம் மீண்டும் மூண்டது. 1994 அக்டோபரில், 82 வயது மஹ்ஃபூஸை வீட்டு வாசலில் ஓர் இளைஞன் கழுத்தில் குத்தினான். உயிர் தப்பினார், ஆனால் எழுதும் கை முடங்கிப் போய், எழுத்தை மறுபடி பழக வேண்டியதாயிற்று. நாவல் எகிப்தில் அச்சேறியது 2006-இல், அவர் மறைந்த அதே ஆண்டில்.

முடியாத வாக்குவாதம்

2009-இல் போர்த்துகலின் ஜோஸே சரமாகோ எழுதிய ‘காயீன்’, வெளிப்படையான நாத்திகரின் குற்றப்பத்திரிகை. தம்பியைக் கொன்ற காயீன் பழைய ஏற்பாட்டின் காலங்களுக்குள் அலைந்து, கடவுள் அனுமதித்த கொலைகளையெல்லாம் கண்ணால் பார்க்கிறான். கடவுளே இல்லை என்பவர், கதை முடிவிலாவது அவரை ஒழித்துக்கட்டியிருக்கலாம். சரமாகோவால் முடியவில்லை. காயீனும் கடவுளும் ஓயாமல் வாதாடிக்கொண்டே இருப்பதாகத்தான் நாவலை முடிக்க வேண்டியிருந்தது.

பக்தர் சாத்தானை நாயகனாக்கினார், கேலிக்காரர் காதல் கதை எழுதினார், நாத்திகர் கடவுளைச் சாகவிடவில்லை. வேதக் கதையை நாவலாக்குவது நிந்தனை என்று சீறுபவர்களும், அது பகுத்தறிவின் வெற்றி என்று கைதட்டுபவர்களும் ஆசிரியரின் நோக்கத்தை மட்டுமே பார்க்கிறார்கள். அந்த நோக்கத்துக்குக் கட்டுப்படாமல் திமிறிய நூல்கள்தான் நின்றிருக்கின்றன. சொன்னபடி கேட்கிற பாத்திரங்களைக் கொண்டு எழுதப்பட்ட உபதேசக் கதைகள் ஏராளம், அவற்றின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை.