நரியைக் கூப்பிடுவது எப்படி, ஏன் கூப்பிடக் கூடாது

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ராத்திரி ஆம்புலன்ஸ் போனால், எங்கள் லேஅவுட்டுக்குப் பின்னால் இருக்கிற ஏரிப் பக்கம் ஒரு ஊளை கிளம்பும். தெருநாய் என்றுதான் பல மாதம் நினைத்திருந்தேன். ஒருநாள் மொபைலில் பதிவுசெய்து, அலைவரிசைப் படமாக மாற்றிப் பார்த்தேன் (தொழில்புத்தி!). முதலில் ஒரே குரல் நீளமாக மேலே ஏறுகிறது. அது முடிவதற்குள் இரண்டு மூன்று குரல்கள் குறுகக் குறுக வெட்டி வெட்டிச் சேர்ந்துகொள்கின்றன. இது நாய் இல்லை, நரி. ஒரகடத்தில், கார் கம்பெனிகளுக்கு நடுவில்!

நரி சைரனுக்குப் பதில் சொல்வது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். நம்ம ஊர் நரி ஜோடியாக வாழ்கிற மிருகம். முந்தைய ஈற்றுக் குட்டிகளில் ஒன்றிரண்டு கூடவே தங்கி, அடுத்த குட்டிகளை வளர்க்க உதவும். இந்தக் குடும்பத்துக்கு ஒரு எல்லை உண்டு. அந்தி சாய்ந்ததும் குடும்பமாக ஊளையிடுவது, 'இங்கே ஆள் இருக்கு' என்று பக்கத்துக் குடும்பத்துக்குச் சொல்வது. சைரனும் கீழிருந்து மேலே ஏறுகிற நீளமான ஒலி. அதனால் பதில் வருகிறது.

அமெரிக்காவில் கயோட்டி என்று நரிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் ஒன்று இருக்கிறது. அதை வேட்டையாடுகிறவர்கள் வாயில் வைத்து ஊதும் சின்னக் குழலையோ, பேட்டரி ஸ்பீக்கரையோ வைத்துக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவதில் இரண்டு வகை. ஒன்று, அடிபட்ட முயல் கத்துவதுபோல் ஒலி எழுப்பிப் பசியைத் தூண்டுவது. இன்னொன்று, வேற்று கயோட்டி போல ஊளையிட்டு ரோஷத்தைத் தூண்டுவது. காற்றடிக்கும் திசை முக்கியம். வருகிற மிருகம் நேராக வராது. சுற்றிவந்து, ஆள் வாசனை தன் பக்கம் அடிக்கிற இடத்தில் நின்று மோப்பம் பிடிக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஏதோ புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: நரிக்குறவர் என்ற பெயரே இந்தத் தொழிலிலிருந்துதானே வந்தது! வாக்ரிபோலி என்று தனிமொழி பேசும் இவர்களைப் பற்றி 1909-இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளில் குருவிக்காரர் என்ற தலைப்பில் இருக்கிறது. 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் இவர்களைத் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் ஊசி, பாசி விற்கிற பெரியவர் ஒருவரிடம் ஒரு டீ வாங்கிக்கொடுத்துக் கேட்டேன். எழுபது வயசு இருக்கும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்து, ரொம்ப மெதுவாக ஊளையிட்டுக் காட்டினார். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பாட்டி திரும்பிப் பார்த்தாள்.

"அப்பன் காலத்துல வலை கட்டிட்டுக் கூப்பிடுவாங்க சாமி. நரி சோத்துக்கு வருதுன்னு நினைக்காதீங்க. எவன்டா அது என் எடத்துலன்னு சண்டைக்கு வரும்."

"எத்தனை தடவை கூப்பிடணும் தாத்தா?"

"ரெண்டு தடவை. மூணாவது கூப்பிட்டா ஆளுன்னு தெரிஞ்சுக்கும்."

நரிக்கொம்பு பற்றியும் கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை. நரிக்குக் கொம்பு கிடையாது. கொம்பு என்று விற்பதெல்லாம் தோலையும் முடியையும் வைத்துச் செய்வது. அதை வாங்கி பீரோவில் வைத்தால் பணம் சேரும் என்று நம்புகிற படித்தவர்கள் இருக்கிறவரை நரி சாகும்.

இப்போது என் தப்பு. அந்த வாரமே இணையத்திலிருந்து ஒரு நரி ஊளையை இறக்கிக்கொண்டு, புளூடூத் ஸ்பீக்கரோடு ஏரிக்கரைக்குப் போனேன். அரை நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, காத்திருந்தேன். ஐரோப்பாவில் ஆய்வாளர்கள் நரி எண்ணிக்கையை இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். ஆனால் அவர்கள் இடம் பார்த்து, அனுமதி வாங்கிச் செய்கிறார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. பதில் ஊளை வரவில்லை. இரண்டாவது முறை ஓடவிட்டதும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலி மனையிலிருந்து இரண்டு உருவங்கள் சத்தமே இல்லாமல் வந்தன. ஏரியில்தான் நரி இருக்கிறது என்று நான் நினைத்ததே தப்பு. அதற்குள் லேஅவுட் நாய்கள் பார்த்துவிட்டன. ஒரே குரைப்பு. ஒரு நரி புதருக்குள் போனது. இன்னொன்று வந்த வழியே மெயின்ரோட்டுக்கு ஓடியது. கன்டெய்னர் லாரி ஒன்று பிரேக் போட்ட சத்தம் கேட்டது.

காலையில் போய்ப் பார்த்தேன். ரோட்டில் ஒன்றும் இல்லை. ரத்தம் இல்லை, முடி இல்லை. அதனால் நிம்மதி என்று சொல்ல மாட்டேன்.

பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். நரி அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிற மிருகம். 2020 ஜூனில் திருச்சி அருகே ஜீயபுரத்தில், இறைச்சிக்குள் வைத்த நாட்டு வெடியைக் கடித்து ஒரு நரி வாய் சிதறிச் செத்தது; 12 பேர் கைதானார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எவ்வளவு கோபப்பட்டேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. என் ஸ்பீக்கரில் வெடி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்பீக்கர் இப்போது மகள் அறையில் பாட்டுக்கு. நான் ஒரு நோட்டில் தேதி, நேரம், எத்தனை குரல் என்று மட்டும் எழுதுகிறேன். சம்பவத்துக்கு அப்புறம் 23 நாள் ஆம்புலன்ஸ் போனபோதெல்லாம் 'பதில் இல்லை' என்று இருக்கிறது. 24-ஆவது நாள் அதிகாலை 4.40-க்கு ஒரு குரல். ஒன்றுதான். இரண்டாவது குரல் சேரவில்லை.