கறள் பிடித்த வண்டியும் கை மறவாத தொழிலும்

புலம்பெயர்ந்து வந்த எம்மவர் பலருக்கு ஊரில் ஒரு கைத்தொழில் இருந்தது. தச்சர், மேசன், வானொலி திருத்துபவர், கராஜ் வைத்திருந்தவர் என்று எத்தனையோ பேர். ஆனால் இந்த நாட்டில் வந்து இறங்கியதும் ‘உனக்கு என்ன தெரியும்?’ என்று எவரும் கேட்பதில்லை. ‘உன்னிடம் என்ன பத்திரம் இருக்கிறது?’ என்றே கேட்கிறார்கள். பத்திரம் இல்லாத தொழில், தொழில் இல்லை என்றாகி விடுகிறது. இருபது வருடம் ஸ்பனர் பிடித்த கை கடையில் பெட்டி அடுக்குகிறது. அந்தக் கைக்கு என்ன தெரியும் என்று அவருடைய சொந்தப் பிள்ளைக்கே தெரியாமற் போய்விடுகிறது.

இதற்கு ஒரு சிறிய மாற்று வழியை லண்டனில் அயலவர்களாக வாழும் மூன்று குடும்பத்தினர் நாம் ஒரு குளிர்காலம் முழுவதும் செய்து பார்த்தோம். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, கழற்றி, திருத்தி, மறுபடி ஓடச் செய்தோம். எங்களுள் ஒருவர் ஊரில் கராஜ் வைத்திருந்தவர். பிள்ளைகள் அவரை மாமா என்று அழைப்பார்கள். மற்றவர்களுக்குச் சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரியும், அவ்வளவுதான். எமது அனுபவம் மற்றக் குடும்பங்களுக்கும் உதவக்கூடும் என்பதால் இதை எழுதுகிறோம்.

எந்த வண்டி?

நாம் எடுத்தது பி.எஸ்.ஏ. பான்ரம். பி.எஸ்.ஏ. என்றதும் எம்மவர் பலருக்கும் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். பேர்மிங்காம் நகரில் 1861ஆம் ஆண்டு துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. பின்னர் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் செய்தது. பான்ரம் என்பது ஒரு குட்டைக் கோழி இனத்தின் பெயர். வண்டியும் அப்படித்தான், சிறியது ஆனால் துடிப்பானது.

இதன் பிறப்பு விசித்திரமானது. உண்மையில் இது ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்ற வண்டி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றபின் அதன் வரைபடங்கள் வென்ற நாடுகளின் கைக்குப் போயின. பி.எஸ்.ஏ. அதை இடம் வலமாக மாற்றி, கியர் மிதியை ஆங்கிலேயர் வழக்கப்படி வலது பக்கம் வைத்து, 1948இல் பான்ரம் என்று வெளியிட்டது. அதே வரைபடத்திலிருந்து அமெரிக்காவில் ஹார்லி நிறுவனமும் ரஷ்யாவில் மொஸ்க்வா தொழிற்சாலையும் வண்டி செய்தன. 1955இல் யமஹா செய்த முதல் மோட்டார் சைக்கிளும் இதைப் பார்த்துச் செய்ததுதான். போரில் வீடிழந்த ஒரு வண்டி நான்கு நாடுகளில் நான்கு பெயரோடு வாழ்ந்திருக்கிறது!

பான்ரம் 1971 வரை செய்யப்பட்டது. மொத்தம் மூன்றரை இலட்சத்துக்கு மேல். ஆகவே இன்றும் உதிரிப்பாகம் கிடைக்கிறது. முதல் மாதிரியான டி1 வண்டிக்கு 123 சி.சி. எஞ்சின், மூன்று கியர், 19 அங்குலச் சில்லு. எடை 70 கிலோ அளவு. இரண்டு பேர் தூக்கிப் படியேற்றலாம். புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை என்பார் மாமா.

வாங்குமுன் பத்திரம்

எமக்கு இது அயலில் ஒரு மூதாட்டி வீட்டுக் கொட்டிலில் கிடைத்தது. அவருடைய கணவர் காலமான பின் அது பல வருடம் அப்படியே நின்றது. மூன்று குடும்பமும் பங்கு போட்டு வாங்கினோம். வாங்குமுன் பார்த்த முதற் பொருள் எஞ்சின் அல்ல, பதிவுப் புத்தகம். இங்கே அதை வி5சி என்பார்கள். அதில் உள்ள பிரேம் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் அடித்திருக்கும் இலக்கங்களோடு ஒத்து வரவேண்டும். இலக்கம் அராவப்பட்டிருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிப் பாராமல் வந்துவிடுங்கள். திருட்டு வண்டி என்று தெரியவந்தால் காசும் போகும், பொலிஸ் விசாரணையும் வரும். வதிவிட விண்ணப்பம் நிலுவையில் உள்ள குடும்பத்துக்கு இது விளையாட்டல்ல.

புத்தகம் தொலைந்த நல்ல வண்டிகளும் உண்டு. பி.எஸ்.ஏ. வண்டி எந்த ஆண்டு செய்யப்பட்டது என்பதை இலக்கத்தை வைத்து உறுதிப்படுத்த 1946இல் தொடங்கப்பட்ட வின்ரேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் உதவுகிறது. வண்டியைத் தெருவில் ஓட்டாமல் வைத்துத் திருத்தும் காலத்தில், அது தெருவில் இல்லை என்று வாகனப் பதிவுத் திணைக்களத்துக்கு அறிவித்துவிட வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. அறிவிக்காவிட்டால் தண்டம் வரும்.

கழற்றுதல்

முதல் நாள் மாமா பிள்ளைகளின் கையில் கொடுத்தது ஸ்பனர் அல்ல, கமெராவும் வெறும் ஜாம் போத்தல்களும்தான். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் படம் எடுக்க வேண்டும். கழற்றிய நட்டும் போல்ட்டும் அந்தந்தப் போத்தலுக்குள் போக வேண்டும். போத்தலில் தமிழில் ஒரு சீட்டு. ‘முன் பிரேக்’, ‘செயின் மூடி’ என்று எழுதுவதற்காகவே எமது வீட்டுச் சிறுமி ஒருத்தி தன் தமிழ் எழுத்தைத் திருத்திக்கொண்டாள்!

இந்த வண்டிகளின் நட்டுகளுக்கு இன்றைய மில்லிமீற்றர் ஸ்பனர் பொருந்தாது. விற்வேர்த் என்னும் பழைய ஆங்கில அளவு வேண்டும். பொருந்தாத ஸ்பனரால் திருகினால் நட்டின் மூலை உருண்டுவிடும். பழைய சந்தைகளில் விற்வேர்த் ஸ்பனர்களை மலிவாக வாங்கலாம்.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி, ஊடுருவும் ஒயிலைச் சிலிண்டருக்குள் விட்டுப் பல நாள் விட்டோம். பின் மேல் கியரில் போட்டுப் பின் சில்லை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தோம். அசைந்து கொடுத்தது. சுத்தியலால் அடித்திருந்தால் பிஸ்டன் உடைந்திருக்கும்.

பெற்றோல் தாங்கிக்குள் கறள். வினாகிரி ஊற்றி இரண்டு நாள் வைத்து, ஒரு சிறு சங்கிலித் துண்டை உள்ளே போட்டுக் குலுக்கி, கழுவி, உடனே உலர்த்தினோம். காபரேற்றரின் சிறு துவாரங்களை ஊசியால் குத்தாமல், கழுவிக் காற்றால் ஊதினோம். இரண்டடி எஞ்சினில் சுழல்தண்டின் இரு பக்கமும் சீல் உண்டு. பல வருடம் நின்ற வண்டியில் அது காய்ந்து வெடித்திருக்கும். அதனூடாகக் காற்று புகுந்தால் எத்தனை உதை உதைத்தாலும் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. ஆகவே சீலைப் புதிதாகப் போடுங்கள்.

இரண்டு ஆபத்துகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் காலப் பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றால் ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டி, உள்ளூராட்சி சபையின் அறிவுறுத்தலின்படி அகற்றுங்கள். பழைய பெயின்ரில் ஈயம் இருக்கலாம். அரத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். இந்த இரண்டு வேலையையும் சிறு பிள்ளைகள் இல்லாத இடத்தில், முகமூடி போட்டுச் செய்யுங்கள்.

கறுப்பின் கீழே சிவப்பு

இங்கேதான் எமக்குள் ஒரு விவாதம் வந்தது. வண்டி முழுவதும் தூரிகையால் அடித்த கறுப்புப் பெயின்ற். எங்கள் இளைஞர் ஒருவர், “மாமா, இதின்ரை கான்டிலைப் பதிச்சு, பின்பக்கத்தை வெட்டி, ஒற்றை சீற் போட்டு கஃபே ரேசர் ஆக்குவம்” என்றார். அவர் கேட்டதும் இந்த நாட்டு மரபுதான். 1938இல் வட லண்டன் சுற்று வீதியில் திறக்கப்பட்ட ஏஸ் கஃபேயில் 1950களிலும் 60களிலும் இளைஞர்கள் கூடுவார்கள். தங்கள் வண்டிகளில் வேண்டாததைக் கழற்றி, குனிந்து ஓட்டும்படி மாற்றி, ஓட்டிக் காட்டுவார்கள். நோர்ட்டன் பிரேமில் ட்ரையம்ப் எஞ்சினைப் பூட்டி அதற்கு ட்ரைற்றன் என்று பெயரும் வைத்தார்கள். 1969இல் மூடப்பட்ட அந்தக் கஃபே 2001இல் மீண்டும் திறக்கப்பட்டது. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

ஆனால் கறுப்பைத் தேய்த்தபோது கீழே சிவப்பு வந்தது. பிரேமின் மறைவான மூலைகளிலும் அதே சிவப்பு. தபாற் திணைக்களத்தின் சிவப்பு! அந்த நாளில் தந்தி கொண்டு போன பையன்கள் ஓட்டியது இந்தப் பான்ரம் வண்டிகளைத்தான். எங்கள் வீடுகளில் தந்தி என்றால் என்ன அர்த்தம் என்று பிள்ளைகளுக்கு அன்றுதான் சொன்னோம். படலையில் தந்திக்காரன் மணி அடித்தால், பிரித்து வாசிக்குமுன்னே அம்மாமார் அழத் தொடங்கிவிடுவார்கள். இந்த நாட்டிலும் போர்க்காலத்தில் அப்படித்தான் இருந்ததாம். உள்நாட்டுத் தந்திச் சேவை இங்கே 1982இல் நின்றுபோனது.

அதற்குப் பிறகு வெட்டுவதைப் பற்றி அந்த இளைஞரே பேசவில்லை. ஆனாலும் அவருடைய விருப்பத்தை மாமா தள்ளிவிடவில்லை. “கழட்டினால் பழையபடி வரக்கூடிய மாற்றம் எல்லாம் செய்யலாம். வெட்டினால் திரும்ப வராது” என்றார். அதையே சட்டமாக வைத்தோம். கான்டில், சீற், கண்ணாடி, பின்விளக்கு போன்றவற்றை மாற்றலாம். கழற்றிய பழைய பாகத்தைச் சீட்டு ஒட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். பிரேமை வெட்டுதல், தாங்கு கொழுக்கிகளை அராவுதல், இலக்கத்தில் கை வைத்தல் கூடாது. பிரேமிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்தால் பழைய வண்டிகளுக்குள்ள சலுகைகளை இழக்கவும் நேரிடலாம். இப்போது வண்டி சிவப்பு. கான்டில் மட்டும் இளைஞரின் விருப்பப்படி சற்றுத் தாழ்ந்திருக்கிறது.

பெற்றோலும் ஒயிலும்

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அந்த வித்தையைக் கண்டுபிடித்தவர்களுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தரவில்லை. பிள்ளைகளுக்கு இது கதை போல இருந்தது. மாமா காபரேற்றரைக் கையில் வைத்து, எந்தத் துவாரத்தால் எது போகும் என்று காட்டியபோதுதான் நம்பினார்கள்.

இங்கே மண்ணெண்ணெய் தேவையில்லை. ஆனால் வேறொரு கவனம் வேண்டும். 2021 செப்ரெம்பர் முதல் இங்கு சாதாரணப் பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் கலக்கிறது. அது பழைய ரப்பர்களையும் குழாய்களையும் அரிக்கும். பழைய வண்டிக்கு ஈ5 என்று எழுதிய சுப்பர் பெற்றோலே போடுங்கள். இரண்டடி எஞ்சின் ஆகையால் ஒயிலைப் பெற்றோலோடு கலக்க வேண்டும். அளவைக் கையேட்டைப் பார்த்துப் போடுங்கள். குறைந்தால் பிஸ்டன் இறுகும். கூடினால் புகை கக்கி, பிளக் கரி பிடிக்கும்.

தெருவுக்கு வருமுன்

வீட்டில் அம்மாமாருக்குப் பயம். மோட்டார் சைக்கிளில் போன பிள்ளை திரும்பி வராத வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளக்கூடாது. ஒழுங்காகப் பழகுவதுதான் அதற்குப் பதில்.

17 வயதானவர் தற்காலிக சாரதிப் பத்திரம் எடுத்து, சி.பி.ரி. என்னும் கட்டாயப் பயிற்சியை முடித்தால், எல் பலகையோடு 125 சி.சி. வரை ஓட்டலாம். பான்ரம் டி1 இதற்குள் அடங்கும். அந்தச் சான்று இரண்டு வருடம் செல்லும். பின்னால் ஆள் ஏற்றக்கூடாது. மோட்டார்வேயில் போகக்கூடாது. தலைக்கவசம் கட்டாயம். ஊர்ச் சாரதிப் பத்திரம் வைத்திருப்பவர்கள் இங்கே குடியிருக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம் மட்டுமே அதைக் கொண்டு ஓட்டலாம்.

40 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு விண்ணப்பித்தால் வீதி வரி இல்லை. பெரிய மாற்றம் செய்யப்படாததாயின், 2018 முதல் வருடாந்தப் பரிசோதனையும் கட்டாயமில்லை. ஆனால் வண்டி பாதுகாப்பாக இருக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையதே. நாம் கட்டாயமில்லாதபோதும் பரிசோதனைக்குக் கொண்டு போனோம். இன்னொரு கண் பார்ப்பது நல்லது. காப்புறுதி இல்லாமல் ஒரு அடியும் ஓட்டாதீர்கள். பழைய பான்ரத்தில் கியர் வலது காலுக்கும் பிரேக் இடது காலுக்கும் என்பதை மறவாதீர்கள். இன்றைய வண்டியில் பழகியவர் அவசரத்தில் தவறாக மிதிப்பார். வெற்று இடத்தில் பல நாள் பழகிய பின்பே தெருவுக்கு வரவேண்டும். விளக்கும் மங்கல்தான். இரவில் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன கிடைத்தது?

காசுக் கணக்குப் பார்த்தால் இலாபமில்லை. செலவழித்ததை விற்று எடுக்க முடியாது. ஆனால் மாமாவின் வேலையைப் பார்த்த அயல் ஆங்கிலேயர் ஒருவர் தன் பழைய வண்டியின் பழுதைக் கேட்டு வந்தார். உள்ளூர்க் கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்து முறையான சான்றிதழ் எடுக்கலாம் என்று அவர்தான் சொன்னார். மாமா இப்போது அங்கே போகிறார். ஆங்கிலப் பாடநூலை அவருக்கு வாசித்து விளக்குவது அந்த இளைஞர். எஞ்சினுக்குள் நடப்பதை இளைஞருக்கு விளக்குவது மாமா.

பேர்மிங்காமுக்கு அருகே 1984இல் திறக்கப்பட்ட தேசிய மோட்டார் சைக்கிள் நூதனசாலை இருக்கிறது. 2003இல் தீப்பிடித்து நூற்றுக்கணக்கான வண்டிகள் எரிந்தன. அடுத்த வருடமே மீண்டும் திறந்துவிட்டார்கள். எரிந்த வண்டிகளை ஒவ்வொன்றாகத் திருத்தி நிறுத்தினார்கள். எரிந்ததை மறுபடி எழுப்புவது என்றால் என்னவென்று எம்மவருக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. விடுமுறையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள்.

மோட்டார் சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை. தையல் இயந்திரமோ, பழைய வானொலியோ, சைக்கிளோ எதுவாயினும் சரி. உங்கள் வீட்டில் கைத்தொழில் தெரிந்த ஒருவர் இருந்தால், பழுதான ஒன்றை அவர் முன் வையுங்கள். பக்கத்தில் ஒரு பிள்ளையை இருத்துங்கள்.