பாட்டிக்கு எத்தனை விநாடி?

தே தாரிக் ஆறுவதற்குள், சாலை கடப்பது பற்றி ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

மலாக்கா ஜாலான் துக்காங் எமாஸில், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் பக்கம் தெரு குறுகல். வண்டி ஊர்ந்துதான் வரும். அங்கே நடப்பவர் கடக்கக் கோடு போடாவிட்டாலும் கடந்துவிடலாம். அகலமும் வேகமும் சேரும் இடத்தில்தான் வினை.

ஒரு தடம் மூன்றரை மீட்டர் என்றால் நான்கு தடச் சாலை 14 மீட்டர். நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் பொறியாளர்கள் பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். ஆக 12 விநாடி. ஆனால் காலமெல்லாம் பால்மரம் வெட்டி முழங்கால் தேய்ந்த பாட்டிக்கு 0.8 மீட்டர் வந்தாலே பெரிசு. அவருக்குப் பதினேழு, பதினெட்டு விநாடி வேண்டும். விளக்கு மாறும்போது அவர் கடைசித் தடத்தை இன்னும் தாண்டியிருக்க மாட்டார்.

சிங்கப்பூரில் 2009 முதல் மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் தட்டினால் பச்சை விளக்கு கூடுதல் நேரம் எரிகிறது. அதற்குக் கருவி வேண்டும், காசு வேண்டும். சாலை நடுவே ஒரு திட்டு கட்டுவது அதைவிட எளிது. ஏழு மீட்டர் நடந்து, நின்று மூச்சு வாங்கி, மறுபக்க வண்டியை மட்டும் பார்த்து மீதி ஏழைக் கடக்கலாம். என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

நம் ஆட்களோ எடுத்ததும் மேம்பாலம் கேட்பார்கள். லோரி நுழைய ஐந்து மீட்டருக்கு மேல் உயரம் விடவேண்டும். படிக்கு 15 சென்டிமீட்டர் என்றால் ஏறவே முப்பதுக்கு மேல் படி, பிறகு அத்தனையும் இறங்கணும். பாட்டி கீழேதான் கடப்பார். அவரைத் திட்டி என்ன பயன்?

வேகம் இன்னொரு கதை. 60 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுநர் கண்டு பிரேக் மிதித்து நிற்பதற்குள் ஏறத்தாழ 45 மீட்டர் ஓடிவிடும். 30இல் வந்தால் 18 மீட்டருக்குள் நின்றுவிடும். பள்ளி வட்டாரத்தில் 30 என்று பலகை வைப்பது இதற்காகத்தான். பலகையை மட்டும் நம்ப முடியாது. கோடு போட்ட இடத்தையே மேடாக்கினால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். தோட்டத்துச் செம்மண் சாலையில் இந்தக் கவலையே இருந்ததில்லை; தோட்டம் விட்டுத் தாமானுக்கு வந்த பிள்ளைகளுக்குப் பெரிய சாலைதான் வாசல்.

இவற்றைக் கேட்டு மனு எழுதுகிறீர்களா? சாலை யாருடையது என்று முதலில் பாருங்கள். மெர்லிமாவ் வழியாகப் போகும் 5ஆம் எண் சாலை கூட்டரசுச் சாலை. அதற்குப் பொதுப்பணித் துறை. தாமான் உள்சாலை என்றால் ஜாசின் நகராண்மைக் கழகம்.