எண்ணெய் வற்றி நின்ற இயந்திரம்: பழுதைக் கண்டறிவது எப்படி?

தீட்டாத கத்தியைப் பால்மரத்தில் வைக்கும் தொழிலாளர் எவருமிலர். கருவியைப் பேணினால்தான் தொழில் நிலைக்கும் என்பதை நம் தோட்ட மக்கள் நன்கு அறிவர். திடலிலும் பள்ளி வளாகத்திலும் நாம் அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் இயந்திரத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும். அவ்வியந்திரம் எண்ணெய் இழந்து நடுவழியில் நின்றுவிட்டால் செய்யத்தக்கது யாது? செய்யத்தகாதது யாது? இவற்றை ஈண்டு காண்போம்.

இத்தகைய இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது அதன் தண்டு நிமிடத்திற்குச் சுமார் 3,600 முறை சுழல்கிறது. உலோகம் உலோகத்தோடு உரசாதவாறு இடையில் மெல்லிய படலமாக நின்று காப்பது எண்ணெயே. வெப்பத்தைக் கடத்துவதும், தேய்ந்த துகள்களை அகற்றுவதும் அதன் பணிகளே. எண்ணெய் வற்றினால், பிஸ்டனையும் சுழல்தண்டையும் பிணைக்கும் இணைப்புத் தண்டு பெரும்பாலும் முதலில் கேடுறும். சிறிய இயந்திரங்கள் பலவற்றில் அது அலுமினியத்தால் ஆனது. வெப்பம் மிகுந்தால் எஃகுத் தண்டோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது முறிந்துபோகும்.

“பதறாத காரியம் சிதறாது” என்பர். இயந்திரம் நின்றவுடன் சாவியை மீண்டும் மீண்டும் திருப்புவது சிறு பழுதைப் பெரும் பழுதாக்கும். சாவியை எடுத்துவிட்டு, இயந்திரம் ஆறும்வரை காத்திருங்கள். பின்னர் பிளக் கம்பியைக் கழற்றி, வெட்டுக் கத்தியின் இணைப்பையும் விடுவியுங்கள்.

முதலில் எண்ணெய் அளவுகோலைப் பாருங்கள். அடுத்து, எண்ணெய் சென்ற வழியைத் தேடுங்கள். வடிகால் திருகு தளர்ந்துள்ளதா? வடிகட்டியின் அடியில் ஈரம் உள்ளதா? தண்டின் அடைப்பு வளையத்தில் கசிவு உண்டா? வெளியே கசிவே இல்லையெனில், எண்ணெய் உள்ளேயே எரிந்திருக்கலாம். முன்னரே நீலப்புகை வந்திருந்தால் அதுவே சான்று.

எஞ்சிய எண்ணெயைத் தூய பாத்திரத்தில் வடித்து வெயிலில் காட்டுங்கள். பளபளக்கும் துகள்கள் இருப்பின், ஒரு காந்தத்தை அருகில் கொண்டு செல்லுங்கள். காந்தத்தில் ஒட்டுபவை இரும்பு அல்லது எஃகு. ஒட்டாத வெண்ணிறத் துகள்கள் பெரும்பாலும் அலுமினியம். இரண்டுமே உள்ளே தேய்வு நேர்ந்ததைக் காட்டும்.

இனி, பிளக்கைக் கழற்றிச் சுழற்சக்கரத்தை வழக்கமான திசையில் கையால் மெல்லத் திருப்புங்கள். துளையிலிருந்து பெட்ரோல் பீறிடக்கூடும். ஆகவே முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். அவ்வாறு பீறிட்டபின் சக்கரம் தடையின்றிச் சுழன்றால், தடுத்துநின்றது அந்தப் பெட்ரோலே எனலாம்.

சக்கரம் சற்றும் அசையவில்லையெனில் உள்ளே இறுகியிருக்கக்கூடும். பிளக் துளையில் சிறிது ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, மறுநாள் கையால் முயலலாம். நெம்புகோலால் வலிந்து திருப்பலாகாது. விடுபட்டாலும் சிலிண்டரில் கீறல் இருக்கக்கூடும். எனவே பட்டறையில் பிரித்துப் பார்ப்பதே முறை.

சக்கரம் சுழன்றும், துளைவழியே விளக்கடித்துப் பார்க்கையில் பிஸ்டன் மேலும் கீழும் நகரவில்லையெனில், இணைப்புத் தண்டு முறிந்துள்ளது என்று கொள்ளலாம். இயந்திரக் கூட்டில் ஓட்டை உண்டா என்றும் பாருங்கள்.

சக்கரம் எளிதாகச் சுழன்று, பிஸ்டனும் நகர்ந்து, எண்ணெயில் துகளும் இல்லையெனில் நம்பிக்கை உண்டு. எண்ணெய் குறைந்தவுடன் இயந்திரத்தைத் தானே நிறுத்தும் காப்புக் கருவி சிலவற்றில் பொருத்தப்பட்டுள்ளது. கசிவைச் சரிசெய்து, உரிய அளவு எண்ணெய் நிரப்பி, குறைந்த வேகத்தில் சிறிது நேரம் இயக்கிப் பாருங்கள். தட்டும் ஓசை கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இங்கே ஒரு சொல். பழி வரும் என்றஞ்சி, புது எண்ணெயை ஊற்றி நடந்ததை மறைப்போர் உண்டு. இது தீங்கிலேயே முடியும். புது எண்ணெய் சான்றுகளை அழித்துவிடும். பின்னர், தேய்ந்த வளையத்தால் நேர்ந்த கசிவுகூட ஓட்டியவரின் அசட்டையாகவே கருதப்படும். எத்தனை மணிக்கு நின்றது, என்ன ஓசை கேட்டது, எண்ணெய் எங்கே சிந்தியது என்பவற்றை மண்டோரிடம் உள்ளபடி கூறுவதே உங்களுக்குக் காப்பு. 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு, சட்டம் அனுமதிக்கும் காரணங்களுக்காக அன்றிச் சம்பளத்தில் பிடித்தம் செய்வதைத் தடுக்கிறது என்பதையும் அறிந்திருங்கள். ஐயம் எழுந்தால் தொழிலாளர் இலாகாவை அணுகலாம்.

வருமுன் காக்கும் வழி எளிது. நாள்தோறும் இயக்குமுன், சமதரையில் நிறுத்தி எண்ணெய் அளவைப் பாருங்கள். குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. எண்ணெயின் வகையையும் மாற்றவேண்டிய காலத்தையும் கையேட்டின்படி பின்பற்றுங்கள். பல இயந்திரங்களுக்கு 50 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை மாற்றுமாறு கூறப்பட்டுள்ளது. செங்குத்தான மேட்டில் ஓட்டினால் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கி, மறுபுறம் வறளும் என்பதையும் மறவாதீர்கள்.

அளவுகோலை இழுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் இயந்திரத்தைக் காக்கும். உங்கள் நற்பெயரையும் காக்கும்.